அம்மாவின் வட்டிக்கு நான் கட்டிய வரி

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மதுரை திருநகர் வீட்டில் கறிக்குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. அம்மா மூன்றாவது தடவை சாப்பிடக் கூப்பிட்டார். நான் லேப்டாப்பை விட்டு எழவில்லை. திரையில் ஒரே ஒரு எண்தான் என்னை முறைத்துக்கொண்டிருந்தது: கட்ட வேண்டிய தொகை 26,120.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கரண்டியோடு வந்து நின்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. இருபத்தாறாயிரம் வரி கட்டச் சொல்லுது."

"நீதான் மாசாமாசம் பிடிச்சுக்கிட்டுத்தான் சம்பளம் போடுறாங்கன்னு சொன்னியே?"

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் பிடித்தது பி.எஃப். வரி என்று ஒரு பைசாகூட யாரும் பிடிக்கவில்லை. சம்பள ரசீதை மூன்று வருடமாக வாங்குகிறேன், பிடித்தம் என்ற கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூட ஊன்றிப் படித்ததில்லை. என் லட்சணம் அவ்வளவுதான்.

இலந்தைகுளம் எல்காட் வளாகத்தில் வேலை. 2024 செப்டம்பர் வரை ஒரு நிறுவனம், மாதம் 58,000. அக்டோபரிலிருந்து அதே வளாகத்தில் வேறொரு நிறுவனம், மாதம் 72,000. வரி விஷயத்தில் அதுவரை எனக்கு இருந்த அனுபவம் ஒன்றே ஒன்று. ஸ்கூட்டர் லோனுக்கு ரிட்டர்ன் நகல் கேட்டார்கள் என்று ஒரு பிரௌசிங் சென்டரில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். பான் கார்டையும் ஆதாரையும் வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்கம்மா" என்றார் அந்த அண்ணன். மறுநாள் ஒரு தாள் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை, லோன் கொடுத்தவர்களும் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

வருமான வரி என்றாலே பீ.பீ.குளத்தில் இருக்கிற அந்த அலுவலகம்தான் எனக்கு ஞாபகம் வரும். சின்ன வயதில் அப்பாவோடு பஸ்ஸில் போகும்போது, "இதுக்குள்ள போற அளவுக்குச் சம்பாதிக்கணும்" என்பார். சம்பாதித்தாயிற்று, ஆனால் உள்ளே போக வேண்டிய வேலையே இல்லை. ரிட்டர்ன் எல்லாம் பெங்களூருவில் இருக்கிற மையத்துக்குத்தான் போகிறது. வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். முடிக்க எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது என்பது வேறு விஷயம்.

முதல் ஞாயிறு உள்ளே நுழைவதற்கே போய்விட்டது. இ-ஃபைலிங் தளத்தில் பான் எண்தான் பயனர் பெயர். போட்டேன். ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்றது. கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? ஓடிபி போகும் என்று காட்டிய கைபேசி எண்ணின் கடைசி இலக்கங்கள் என்னுடையவை இல்லை. அந்த பிரௌசிங் சென்டர் அண்ணன் தன் நம்பரையும் தன் மெயில் ஐடியையும் போட்டு எனக்குக் கணக்குத் திறந்திருக்கிறார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஓடிபி கேட்கிற வேலை அவருக்கு மிச்சம். ஆனால் இத்தனை நாளாக என் பெயரில் ஏதாவது நோட்டீஸ் வந்திருந்தால் அது அவர் மெயிலுக்குத்தான் போயிருக்கும். வேறொருவர் கையால் ரிட்டர்ன் போட்டவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

வழி சுலபம்தான். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் ஆதார் ஓடிபி என்று ஒரு வழி கொடுக்கிறது. ஆதாரில் இருப்பது என் நம்பர் என்பதால் தப்பித்தேன். உள்ளே போனதும் முதல் வேலையாக சுயவிவரப் பக்கத்தில் கைபேசி எண்ணையும் மெயிலையும் மாற்றினேன். ஆதாரில் பழைய சிம் நம்பர் வைத்திருப்பவர்கள் அதைச் சரிசெய்யாமல் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். கடைசியில் ரிட்டர்னை உறுதிசெய்யும்போதும் அந்த ஓடிபிதான் சுலப வழி.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக என் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. ஆதாரில் முன்னால் ஒரு எழுத்து. வங்கிக் கணக்கிலும் ஒரு எழுத்துதான், ஆனால் அது பெயருக்குப் பின்னால். மூன்று இடத்திலும் நான் ஒருத்திதான் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? வங்கிக் கணக்கைத் தளத்தில் சரிபார்ப்புக்குக் கொடுத்தால், பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. ரீஃபண்ட் வர வேண்டியவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல், ஏனென்றால் சரிபார்த்த கணக்குக்குத்தான் பணம் வரும். வங்கிக் கிளைக்குப் போய், பான் கார்டு நகலைக் கொடுத்து, பெயரை அதில் உள்ளபடியே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஆனது. ஜூலை கடைசி வரை காத்திருந்து இதைச் செய்திருந்தால் எனக்கு அழுகையே வந்திருக்கும்.

இரண்டாவது ஞாயிறு தாள்களைச் சேர்ப்பது.

புது நிறுவனத்தில் பார்ம் 16 கொடுத்தார்கள். ஆறு மாதச் சம்பளம் 4,32,000, வரி 0. பழைய நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். "உங்களுக்கு வரி எதுவும் பிடிக்கவில்லை, அதனால் பார்ம் 16 கிடையாது" என்று ஒரே வரியில் பதில். சட்டப்படி அதில் தப்பில்லை. பார்ம் 16 என்பது பிடித்த வரிக்கான சான்றிதழ், பிடிக்காத வரிக்குச் சான்றிதழ் கொடுக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் பார்ம் 16 வரவில்லை என்றால் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் காட்ட வேண்டாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் ஒரு அரைமணி நேரம் அப்படி நினைத்து சந்தோஷமாக இருந்தேன்.

சரி, சம்பள ரசீதை வைத்துக் கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்தேன். ரசீதுகள் பழைய ஆபீஸ் மெயிலில் இருந்தன, அந்த மெயில் வேலையை விட்ட அன்றே மூடப்பட்டுவிட்டது. அதனால் வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து, கணக்கில் வந்து விழுந்த தொகைகளைக் கூட்டினேன். 3,35,950 வந்தது. இதுதான் தப்பு. வருமானம் என்பது கையில் வந்த தொகை இல்லை, பிடித்தங்களுக்கு முந்தைய முழுச் சம்பளம். மாதம் 1,800 பி.எஃப், செப்டம்பரில் மாநகராட்சித் தொழில் வரி 1,250 என்று போனதெல்லாம் சேர்த்தால்தான் 58,000 பெருக்கல் ஆறு, 3,48,000. பக்கத்து சீட்டு அக்கா அக்கவுன்ட்ஸ் படித்தவர். அவர் ஒரு பார்வையிலேயே, "என்ன இது, ரவுண்டா வர வேண்டிய தொகை சில்லறையா நிக்குது?" என்று கேட்டதால் பிழைத்தேன். பழைய நிறுவனத்தில் இன்னும் வேலை பார்க்கிற தோழியிடம் சொல்லி, ஹெச்.ஆரிடமிருந்து ஆறு ரசீதையும் வாங்கிக்கொண்டேன். வேலையை விடுகிறவர்கள் கடைசி நாளில் பிரிவுபசாரக் கேக்கை வெட்டுவதற்கு முன்னால் ரசீதுகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம்தான் ஏ.ஐ.எஸ். என்ற ஒன்றைத் திறந்தேன். ஆண்டுத் தகவல் அறிக்கை. வங்கி, கம்பெனி, பத்திரப்பதிவு அலுவலகம் என்று பல இடங்களிலிருந்தும் நம் பான் எண்ணின் பேரில் வருமான வரித் துறைக்குப் போன தகவல்களின் தொகுப்பு. டவுன்லோடு செய்த கோப்புக்குக் கடவுச்சொல், பான் எண் சிறிய எழுத்தில், அதோடு பிறந்த தேதி எட்டு இலக்கம். திறந்ததும் வயிற்றில் லேசாகப் புளி கரைத்தது. நம்மைப் பற்றி நாமே மறந்ததை எல்லாம் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். சேமிப்புக் கணக்கு வட்டி 3,400. அது சரி. அதற்குக் கீழே: வைப்பு வட்டி 22,000.

எனக்கு ஏது வைப்பு? யோசித்து யோசித்துப் பார்த்தால், அது அம்மாவுடையது.

அப்பா போன பிறகு வந்த எல்.ஐ.சி. பணத்தில் மூன்று லட்சத்தை 2023 நவம்பரில் டெபாசிட் போடப் போனோம். அம்மாவின் பான் ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து கிடந்தது. "அதை இணைச்சுட்டு வர நாளாகும், பேசாம பொண்ணு பேர்ல போட்டுருங்க" என்றார்கள் கவுன்டரில். போட்டுவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் வட்டி என் கணக்கில் விழும், அதை அப்படியே எடுத்து அம்மாவிடம் கொடுப்பேன். கேஸ் சிலிண்டர், பால், கேபிள், சித்தி வீட்டு மொய் எல்லாம் அதிலிருந்துதான். அந்தப் பணத்தை நான் என் வருமானம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் டெபாசிட் யார் பெயரில் இருக்கிறதோ, யாருடைய பான் எண் அதில் இருக்கிறதோ, வட்டி அவர் தலையில். அம்மா எனக்குக் கொடுத்த பணம், நான் வளர்ந்த பிள்ளை, ஆகவே அதில் வருவது என் வருமானம். வங்கி வரி பிடிக்கவும் இல்லை. அந்த ஆண்டில் வட்டி 40,000-ஐத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். பிடிக்காதது வரியற்றது ஆகிவிடாது என்ற பாடம் எனக்கு இரண்டாவது தடவை.

மூன்றாவது ஞாயிறு, அதாவது கறிக்குழம்பு ஞாயிறு, ரிட்டர்னைத் திறந்தேன். சம்பளம், வட்டி மட்டும் உள்ளவர்களுக்கு ஐ.டி.ஆர்-1 போதும், மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பங்கு, மியூச்சுவல் ஃபண்டு விற்று நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தால் அந்த ஆண்டிலிருந்து அதையும் இதிலேயே காட்டலாம் என்று ஆக்கியிருந்தார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தளமே பாதியை நிரப்பித் தருகிறது. அங்கேதான் ஆபத்து. என் படிவத்தில் நிரம்பி வந்தது புது நிறுவனத்துச் சம்பளம் மட்டும், 4,32,000. பழையதைக் காணோம். இப்படியே 'சமர்ப்பி' என்று அழுத்தினால் வரி பூஜ்யம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கே தெரியலேன்னா நாம ஏன்டி போய்ச் சொல்லணும்?" என்றார். நியாயமான கேள்விதான், எனக்கும் அதே கேள்வி. ஆனால் பழைய கம்பெனி போட்ட பணம் என் வங்கிக் கணக்கில் இருக்கிறது, பி.எஃப். கணக்கில் இரண்டு கம்பெனியின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் குறைந்த வரியில் 50 சதவீதம் அபராதம், வேண்டுமென்றே மறைத்தால் 200 சதவீதம். அதைவிட முக்கியமாக, அதை நினைத்துக்கொண்டு படுத்தால் எனக்குத் தூக்கம் வராது, அந்த விஷயத்தில் நான் அப்பா மாதிரி. 'வேலை கொடுப்பவரைச் சேர்' என்று இருந்ததை அழுத்தி 3,48,000-ஐயும் போட்டேன்.

இப்போது கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், இந்த அனுபவத்தில் சுவாரசியமான இடம் இதுதான்.

இரண்டு சம்பளமும் சேர்ந்து 7,80,000. வரிக் கணக்குப் போடப் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. புதிய முறையில் நிலையான கழிவு 75,000. பழைய கம்பெனியும் தன் கணக்கில் கழித்திருக்கும், புதுக் கம்பெனியும் கழித்தது, ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். மிச்சம் 7,05,000. அதோடு இரண்டு வட்டியும் சேர்த்து 25,400. ஆக 7,30,400. அந்த ஆண்டில் மூன்று லட்சம் வரை வரி இல்லை, மூன்றிலிருந்து ஏழு வரை 5 சதவீதம், ஏழுக்கு மேல் பத்து வரை 10 சதவீதம். 20,000 கூட்டல் 3,040. அந்த வரிக்கு மேலே செஸ் என்கிற கூடுதல் வரி 4 சதவீதம். 23,962.

அந்த ஆண்டில் ஏழு லட்சம் வரை வருமானம் இருந்தால் முழு வரியும் தள்ளுபடி. இரண்டு கம்பெனிகளும் அதனால்தான் பிடிக்கவில்லை. முதல் கம்பெனி என்னை மாதம் 58,000 வீதம் ஆண்டு முழுவதும் இருக்கப்போகிறவள் என்று கணக்கிட்டது, ஏழுக்குள் அடங்கியது. இரண்டாவது கம்பெனிக்கு நான் அக்டோபரில் பிறந்தவள், அதற்கு முன்னால் சம்பாதித்ததே இல்லை. அம்மாவின் டெபாசிட் இரண்டு பேருக்குமே தெரியாது. ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்ததை வைத்துச் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். முழு ஆண்டையும் பார்த்த ஆள் நான் ஒருத்திதான், நான்தான் கணக்கே போடவில்லை.

ஏழு லட்சத்தைக் கொஞ்சமே தாண்டினால் ஒரு சலுகை இருந்தது. தாண்டிய தொகையைவிட அதிகமாக வரி கேட்க மாட்டார்கள். அம்மாவின் டெபாசிட் என் பெயரில் இல்லாமல் இருந்திருந்தால் என் வருமானம் 7,08,400. தாண்டியது 8,400. வரியும் 8,400, செஸ்ஸோடு 8,736. இப்போது கட்டுவதோ 23,962. வித்தியாசம் 15,226. அதாவது 22,000 வட்டிக்கு வரி 15,226. நான் மூன்று தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அக்காவுக்கு போன் செய்து கேட்டேன். "கரெக்ட்தான். அந்த ஓரத்துல வந்து நின்னவங்க எல்லாருக்கும் இதே கதைதான்" என்றார்.

அதோடு முடியவில்லை. பிடித்தது போக வரி பத்தாயிரத்துக்கு மேல் பாக்கி வரும் என்றால் ஆண்டு நடக்கும்போதே முன்வரியாகத் தவணை தவணையாகக் கட்டியிருக்க வேண்டுமாம். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை, எல்லாம் 15-ம் தேதிக்குள். கட்டாததற்கு இரண்டு பிரிவுகளில் வட்டி: 234சி-யில் 1,202, 234பி-யில் 956. இந்த இரண்டாவது ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும், ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதம்தான். அந்த ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருந்தார்கள், பிறகு ஒரு நாள் சேர்த்து 16 ஆனது. தேதி தள்ளிப்போனதால் எல்லாரும் ஆற அமர இருந்தார்கள். பாக்கி உள்ளவர்களுக்கு அது சலுகையே இல்லை. நான் இன்னும் ஐந்து நாள் தள்ளி ஆகஸ்டில் கட்டியிருந்தால் இன்னொரு 239 ரூபாய் போயிருக்கும்.

டெபாசிட் இல்லாமல் வரி 8,736 மட்டும் என்றால் பத்தாயிரத்துக்குள், இந்த வட்டியும் கிடையாது. எல்லாம் கூட்டிக் கழித்தால், அம்மாவின் 22,000-க்காக நான் கொடுத்தது 17,384. எங்கள் வீட்டுக்கு உண்மையில் மிஞ்சியது 4,616 ரூபாய்.

இதை அம்மாவிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பணத்தை அப்பவே பீரோவுலயே வச்சிருக்கலாம்" என்றார். அதற்கும் 'கூடாது' என்று சொல்ல எனக்கு அன்று தெம்பில்லை.

பழைய முறையில் போட்டால் தப்பிக்கலாமோ என்றும் பார்த்தேன். பி.எஃப், எல்.ஐ.சி எல்லாம் சேர்த்து, சேமிப்புக்குக் கழிவு தரும் 80சி பிரிவில் என்னிடம் 75,000 இருந்தது. சொந்த வீடு, அதனால் வாடகைக் கழிவு இல்லை. சேமிப்புக் கணக்கு வட்டி 3,400-ஐக் கழிக்கலாம், நிலையான கழிவு 50,000தான். தொழில் வரி மாதிரி சில்லறைகளை விட்டுவிட்டால் வரி 49,816 வந்தது. இரண்டு மடங்கு. ஆகவே புதிய முறை. வீட்டுக்கடனும் வாடகையும் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறாக வரலாம், போட்டுப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள். படிவத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிற விதம் இருக்கிறதே, அது தனிக் கொடுமை. 'புதிய முறை வேண்டுமா' என்று கேட்கவில்லை, 'புதிய முறையிலிருந்து வெளியேறும் விருப்பத்தைப் பயன்படுத்துகிறீர்களா' என்று கேட்கிறது. இல்லை என்றால் உண்டு என்று அர்த்தம். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு 'இல்லை' என்று போட்டேன்.

இத்தனைக்கும் இதைத் தடுக்க ஒரு தாள் என் கையிலேயே இருந்தது. புதுக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் ஒரு கத்தைப் படிவம் கொடுத்தார்கள். அதில் ஒன்று பார்ம் 12பி. இந்த ஆண்டில் முந்தைய கம்பெனியில் வாங்கிய சம்பளம், பிடித்த வரி இரண்டையும் எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்திருந்தால் புதுக் கம்பெனி இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு மாதாமாதம் பிடித்திருக்கும். வட்டி வருமானத்தையும் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பழைய சம்பளத்தைச் சொன்னால், 'இவளுக்கு இவ்வளவு ஏற்றிக் கொடுத்தோமா' என்று நினைப்பார்களோ என்று அந்தத் தாளை வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கோ நேர்காணலிலேயே என் சம்பளம் தெரியும்.

பணம் கட்டும் இடத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆண்டைச் சரியாகப் பாருங்கள். 2024-25-ல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. பட்டியலில் 2024-25 என்று பார்த்ததும் கை தானாக அங்கே போனது. அதைத் தேர்ந்தெடுத்துக் கட்டியிருந்தால் பணம் போயிருக்கும், பாக்கியும் அப்படியே நின்றிருக்கும், திருத்தச் சொல்லி மனுப் போட்டு அலைய வேண்டும். வகையில் 'சுய மதிப்பீட்டு வரி', அதன் எண் 300. கட்டியதும் வரும் சலானில் வங்கியைக் குறிக்கும் ஏழு இலக்க பி.எஸ்.ஆர் எண்ணும் ஐந்து இலக்க சலான் எண்ணும் இருக்கும். ரிட்டர்னில் அவை வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் சமர்ப்பிக்க வேண்டும். (2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம். அதில் மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லையே எடுத்துவிட்டு வரி ஆண்டு என்று ஒன்றாக்கிவிட்டார்கள். என்னைப் போன்றவர்களின் சாபம் பலித்துவிட்டது.)

சமர்ப்பித்ததும் முடிந்தது என்று குழம்பைச் சாப்பிடப் போகாதீர்கள். 30 நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்யாத ரிட்டர்ன் போட்ட கணக்கிலேயே வராது. ஆதார் ஓடிபி போட்டேன், ஒரு நிமிடம்தான். முப்பது நாள் இருக்கிறதே என்று விட்டு மறந்தவர்களை எங்கள் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன். பதினைந்து நாள் கழித்து 143(1) அறிவிப்பு மெயிலில் வந்தது. ஏ.ஐ.எஸ்ஸுக்குச் சொன்ன அதே கடவுச்சொல்தான் அதற்கும். இடது பக்கத்தில் நான் போட்ட கணக்கு, வலது பக்கத்தில் அவர்கள் போட்ட கணக்கு, இரண்டும் ஒன்று. பாக்கி இல்லை, ரீஃபண்டும் இல்லை. பத்தாவது கணக்குப் பரீட்சைக்குப் பிறகு விடைத்தாளைப் பார்த்து நான் இவ்வளவு குளிர்ந்து போனது அன்றுதான்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோதே ஆபீஸ் வாட்ஸப்பில் ஒருவர் நம்பர் சுற்றிக்கொண்டிருந்தது. பிடித்த வரி முழுவதையும் ரீஃபண்டாக வாங்கித் தருவாராம், அதில் ஒரு பங்கு அவருக்கு. எப்படி என்று கேட்டால், பெயர் தெரியாத ஏதோ ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகப் போடுவார். எங்கள் டீமிலேயே ஒருவர் முந்தைய வருடம் போட்டு வாங்கியிருந்தார். சரியாக அந்த ஜூலை 14-ம் தேதி, இப்படிப் பொய்க் கழிவு போட்டுக் கொடுத்தவர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. மறுநாள் டீக்கடையில் அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா அவருக்குப் புதுப்பித்த ரிட்டர்ன் (ஐ.டி.ஆர்-யு) பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிட்டர்னில் கையெழுத்து நம்முடையது, பிடிபட்டால் கேள்வி நமக்கும்தான், பங்கு வாங்கியவருக்கு மட்டும் இல்லை.

2025-26-லிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி ஆகிவிட்டது. மாதம் 72,000 வாங்குகிற எனக்கு வரி வராது. ஆனால் வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. அடிப்படை விலக்கு நான்கு லட்சத்தைத் தாண்டினால் போட்டே ஆக வேண்டும். இந்தத் தடவை தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து தன்னுடையதைப் போடப் போகிறான், அவன் ரசீதை எல்லாம் இப்போதே என் மெயிலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் டெபாசிட் நவம்பரில் முதிர்ந்தது. என் வரிக்காக என்று பார்த்தால் அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் அவர் பெயருக்கே மாற்றுவது என்று முடிவு செய்தோம். அதற்கு முன்னால் ஆயிரம் ரூபாய் கட்டி அம்மாவின் பானை ஆதாரோடு இணைத்தேன். சில நாளில் உயிர் வந்தது. வங்கிக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அறுபது தாண்டிருச்சுல்லம்மா, உங்களுக்கு அரை பர்சென்ட் கூட வரும்" என்றார். 2023-லும் அம்மாவுக்கு அறுபதுதான். இரண்டு வருடம் அந்த அரை சதவீதத்தையும் விட்டிருக்கிறோம். நான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

ரசீது அடித்து வந்தது. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தொகையைக்கூடப் பார்க்காமல் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பைக்குள்ளிருந்து பான் கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏன்டி, இதுல இனிஷியல் முன்னாடி இருக்கு. கார்டுல அப்பா பேரு பின்னாடில்ல இருக்கு?"

கவுன்டர் பெண் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு படிவம் கேட்டேன்.